இரசாயனம் பயில விரும்புவோர்க்கு



இரசாயனம் தோட்டத்து மக்களுக்குப் புதிய பொருளன்று. இறக்கிய பால் உறையாதிருக்க அமோனியா விடுகிறோம். உறைய வேண்டுமானால் பார்மிக் அமிலம் கலக்கிறோம். செம்பனைப் பழம் அடிபட்டுக் கிடந்தால், அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைப் பெருக்கிவிடும், தரம் குறையும். அதனால்தான் ஆலையில் குலைகளை முதலில் நீராவியில் வேகவைக்கிறார்கள். அந்த அமிலத்தை அளந்து சொல்பவர் ஆலைச் சோதனைக்கூடத்தில் இருக்கிறார். அந்த நாற்காலியில் நம் பிள்ளை ஏன் அமரக்கூடாது?

“கெமிஸ்ட்ரி படித்தால் மருந்துக்கடை வைக்கலாமா, சார்?” என்று பெற்றோர் எங்களைக் கேட்பதுண்டு. வைக்க முடியாது. மருந்தாளர் பட்டம் வேறு, அதற்கான பதிவும் வேறு. இரசாயனப் பொறியியலும் வேறுதான். குடுவையில் ஒரு பொருளை ஆக்கிப் பார்ப்பதும் பகுத்துப் பார்ப்பதும் இரசாயனம். அதையே பெரிய அளவில் செய்யும் ஆலையை அமைத்து நடத்துவது பொறியியல். அதற்குக் கணிதமும் பௌதிகமும் மிகுதியாக வேண்டும். பெயரில் ஒற்றுமை இருப்பதால் ஒன்றென எண்ணி விண்ணப்பித்துவிட்டு, பிறகு திகைக்கும் பிள்ளைகளும் உண்டு.

வழி நான்காம் படிவத்திலேயே தொடங்குகிறது. இரசாயனத்தோடு கூடுதல் கணிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடினம் என்று அதைக் கைவிடுவது நல்லதன்று. எஸ்.பி.எம். முடித்தபின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் வழியே பல்கலைக்கழகம் புகலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம், பயன்முறை இரசாயனம் எனத் தனித்தனிப் பட்டங்கள் உள்ளன. செர்டாங்கில் பெட்ரோலிய இரசாயனம் உண்டு. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியராக விரும்புவோர்க்குத் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் கல்விப் பட்டம் அளிக்கிறது. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய இடம் அது. எங்கு சென்றாலும் கரிமம், கனிமம், பௌதிகம், பகுப்பாய்வு ஆகிய நான்கு பிரிவுகளையும் பயின்றாக வேண்டும்.

இன்னொன்று, பலரும் கேட்க மறப்பது. நம் நாட்டில் இரசாயனராகத் தொழில் புரிய, 1975-ஆம் ஆண்டு இரசாயனர் சட்டப்படி மலேசிய இரசாயனக் கழகத்தில் பதிவு பெற வேண்டும். ஆகவே, நீங்கள் விரும்பும் பட்டத்தை அக்கழகம் ஏற்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் பணம் கட்டும் முன் கட்டாயம் விசாரியுங்கள்.