பழைய லோரிக்கு பிரேக் சாமான்



தோட்டத்து லோரி என்றதும் நம் பெரியவர்கள் பலருக்கு நினைவில் வருவது பெட்ஃபர்ட் லோரி. இங்கிலாந்தில் வாக்ஸால் நிறுவனத்தார் செய்து அனுப்பிய வண்டி. பால் ஏற்றியது, உர மூட்டை ஏற்றியது. பெரட்டு முடிந்ததும் ஆட்களை ஏற்றியது. பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றியது. 1987இல் அந்த லோரித் தொழில் கைமாறியது. வாங்கியவர்களும் 1992இல் நொடித்துப் போனார்கள். ஆகவே, கொட்டகையில் கிடக்கும் ஒரு பழைய பெட்ஃபர்டை மீண்டும் ஓட வைக்க ஆசைப்பட்டால், சாமான்களை நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும். இன்ஜின் ஓடாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் யாருக்கும் கேடில்லை. பிரேக்கின் கதை வேறு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

மிதிகட்டையைக் காலால் அழுத்துகிறோம். அந்த அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெய்க்குப் போகிறது. அங்கிருந்து குழாய் வழியாக நான்கு பக்கத்துச் சக்கர சிலிண்டர்களுக்கும் ஒரே அளவாகப் பரவுகிறது. அடைபட்ட நீர்மத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். சக்கர சிலிண்டர் பிரேக் ஷூவைத் தள்ள, அது சுழலும் டிரம்மின் உட்புறத்தை உரசிப் பிடிக்கிறது. இவ்வளவுதான் வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அக்காலத்துப் பழைய லோரிகளில் பெரும்பாலும் எல்லாச் சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்த் தடம்தான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு பக்கமும் பிடிப்புப் போய்விடும்.

அந்த எண்ணெயைக் கசியாமல் தடுப்பது எது? சிலிண்டருக்குள் இருக்கும், கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு ரப்பர் கிண்ணம். முன்பு ஆங்கிலேயர் செய்த வண்டிகளில் அது இயற்கை ரப்பராலேயே செய்யப்பட்டது; அதாவது நாம் விடியற்காலையில் வெட்டிய பாலிலிருந்து வந்த ரப்பர். டன் கணக்கான பாரத்தை மேட்டுச் சரிவில் பிடித்து நிறுத்தியது அதுதான்!

ரப்பரின் குணம் நமக்குத் தெரியும். மண்ணெண்ணெய், இன்ஜின் எண்ணெய் இவை பட்டால் அது ஊதிக் கெட்டுவிடும். பிள்ளைகள் ஒரு ரப்பர் வளையத்தை இன்ஜின் எண்ணெயில் போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்கட்டும். கண்ணாலேயே வித்தியாசம் தெரியும். அவசரத்துக்கு என்று பிரேக்கில் இன்ஜின் எண்ணெய் ஊற்றினால் உள்ளே நடப்பதும் இதுவே. பிரேக்குக்கென்று விற்கும் எண்ணெயே வேண்டும். அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பண்புடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். மலைச் சரிவில் டிரம் சூடேறி எண்ணெய் கொதித்தால், மிதிகட்டை தரைவரை போகும், வண்டி நிற்காது. நம் நாட்டு ஈரக் காற்றில், பாதி தீர்ந்து திறந்து கிடந்த டின்னை விலை பாராமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

இனி சாமான் தேடும் வேலை. பழைய இரும்புக் கடையில் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது? இரும்பை வாங்கலாம், ரப்பரை வாங்கக்கூடாது. டிரம், ஷூ, சிலிண்டரின் உடல் இவை பழையவையானாலும் சோதித்துப் பயன்படுத்தலாம். சிலிண்டரின் உட்சுவர் துரு தின்று குழிவிழுந்திருந்தால், பட்டறையில் கடைந்து உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் பொருத்தித் தருவார்கள். ரப்பர் கிண்ணமும் ரப்பர் ஹோஸும் புதியவையாகவே இருக்க வேண்டும். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அப்போது பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது. சக்கரம் சூடேறிப் புகையும்.

அளவில் மிகுந்த கவனம் வேண்டும். அந்த வண்டி அங்குலக் கணக்கில் செய்தது. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். கடைக்காரர், "இதுவும் அதேதான்" என்று சொல்லி 25 மில்லிமீட்டர் கிண்ணத்தை நீட்டினால் வாங்காதீர்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வித்தியாசத்தில் எண்ணெய் வெளியேறிவிடும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே மேல். குழாய்க்கு, குளிர்பெட்டியில் போடும் செம்புக் குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று எண்ண வேண்டாம். அது லோரியின் அதிர்வில் இறுகி வெடித்துவிடும்.

ஷூவுக்கு லைனிங் அடிக்கும்போது ஒரே அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே அடிக்க வேண்டும். டிரம் கடைந்தாலும் அப்படியே. இல்லையேல் பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

தாய்மார்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றினால் உள்ளே கிடக்கும் சாம்பல் நிறத் தூசியில் அது இருக்கலாம். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. வேலை செய்தவரின் சட்டையை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் இந்நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள், விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிட வேண்டும். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல், உதறாமல், நனைத்துத் தனியே அலச வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறோம். வழக்கமாக, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவோம். பிறகு மிதிகட்டையைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அது மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. இறங்காமல் கல்போல் நின்றால், கைபிரேக்கையும் சோதித்துவிட்டு, பாரமில்லாமல், பின்னால் யாரையும் ஏற்றாமல், சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பொதுச் சாலையில் ஏறுவது வாகனப் பரிசோதனை முடிந்த பிறகுதான்.