சேர்ந்து வாசித்தவர்கள்

தொடர்கல்வி மையம் ஒன்றில், புதிதாக எழுத்தறிந்தோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை





போன வாரம் இந்த மையத்துக்கு வரும் ஓர் அம்மா என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அது நகைக் கடன் ரசீது. முன்பக்கத்தை அவரே எழுத்துக் கூட்டி எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லையும் விடவில்லை. பிறகு சொன்னார்: "வாசிச்சு முடிச்சிட்டேன் சார். ஆனா என்ன வாசிச்சேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

இது அவருடைய குறை மட்டும் அல்ல. மிகப் பழைய குறை. கிறிஸ்தவர்களின் விவிலியத்தில், திருத்தூதர் பணிகள் என்ற பகுதியில், இதே குறையைச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. எத்தியோப்பியா நாட்டு அரசியின் நிதி அமைச்சர் தேரில் போய்க்கொண்டிருக்கிறார். கையில் எசாயா என்ற இறைவாக்கினரின் ஏடு. அதை உரக்க வாசித்தபடி போகிறார். அந்தக் காலத்தில் படித்தவர்களும் பெரும்பாலும் உரக்கத்தான் வாசிப்பார்கள். ஆகவே வாய்விட்டு வாசிக்க நீங்கள் யாரும் வெட்கப்பட வேண்டாம். அவர் வாசிப்பதைப் பிலிப்பு என்பவர் கேட்கிறார். தேருக்குப் பக்கத்தில் ஓடிப்போய், வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். யாராவது கூட இருந்து சொல்லாவிட்டால் எப்படி விளங்கும் என்கிறார் அமைச்சர். பிலிப்பைத் தேரில் ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்.

ஒரு நாட்டின் கஜானாவையே பார்த்துக்கொண்டவர் அவர். அவருக்கும் துணை தேவைப்பட்டது.

இன்று நான் சொல்லப்போவது சேர்ந்து வாசித்த மக்களைப் பற்றி. அவர்கள் பிரேசில் நாட்டுக் கத்தோலிக்க ஏழைகள். வாசித்த புத்தகம் விவிலியம். இங்கே எல்லா மதத்தாரும் இருக்கிறீர்கள். நான் மதம் பேச வரவில்லை. அவர்கள் வாசித்த முறையைத்தான் பேச வந்தேன்.

பிரேசில் தென் அமெரிக்காவில் உள்ளது. நம் நாட்டைவிட இரண்டரை மடங்குக்கு மேல் பெரியது. மக்கள் போர்த்துகீசிய மொழி பேசுகிறார்கள். நாட்டின் வடகிழக்குப் பகுதி வறட்சிப் பூமி. நிலம் சிலர் கையில் இருந்தது. மற்றவர்கள் கூலிக்கு உழைத்தார்கள். 1960-ல் அந்த நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் 100-க்குச் சுமார் 40 பேருக்கு எழுத்து தெரியாது.

எழுத்து தெரியாவிட்டால் அங்கே இன்னொன்றும் கிடையாது. ஓட்டு! 1891-ல் எழுதிய அரசியல் சட்டம், எழுத்தறியாதவர் வாக்களிக்கக் கூடாது என்றது. அந்தத் தடை 1985-ல்தான் நீங்கியது. 94 ஆண்டுகள்! நம் நாட்டில் 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே, எழுத்து தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார். அதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே ஒருவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது என்றால், ஓர் ஓட்டைக் கையில் கொடுப்பது என்று பொருள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு இது பிடிக்குமா?

கோயிலிலும் ஏறக்குறைய இதே கதைதான். பூசை இலத்தீன் மொழியில் நடக்கும். மக்களுக்கு அது புரியாது. வீட்டில் விவிலியம் வைத்திருப்பவர் குறைவு. குருக்களும் குறைவு. பல ஊர்களில் சாமியார் ஆண்டுக்குச் சில நாள்தான் வருவார். 1956 வாக்கில் பார்ரா டோ பிராயி என்ற இடத்தில் நடந்ததைச் சொல்வார்கள். ஒரு முதிய பெண் ஆயரிடம் முறையிட்டாராம். கிறிஸ்துமஸ் இரவில் சீர்திருத்த சபையாரின் மூன்று கோயில்களிலும் விளக்கு எரிந்தது, பாட்டுக் கேட்டது. நம் கோயில் மட்டும் குரு இல்லாமல் இருட்டில் பூட்டிக் கிடந்தது என்றாராம்.

அந்த ஆயரின் பெயர் அக்னெலோ ரோசி. அவர் ஊர்க்காரர்களிலேயே சிலரை உபதேசியார்களாகப் பயிற்றுவித்தார். ஞாயிறு தோறும் அவர்கள் மக்களைக் கூட்டி வேதம் வாசித்தார்கள், செபம் சொன்னார்கள். கூட்டம் நடந்த கூடங்களிலேயே எழுதப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தையலும் கற்றுக்கொடுத்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் வடகிழக்கில் நத்தால் நகரில் வேறு ஒரு வேலை தொடங்கியது. கொலம்பியா நாட்டில் ஒரு குரு 1947-லேயே வானொலி வழியாக உழவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியிருந்தார். அதைப் பார்த்து, நத்தாலில் ஆயர் எயூஜேனியோ சாலேஸ் 1958-ல் வானொலிப் பள்ளிகளை ஆரம்பித்தார். ஊரில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி, ஒரு கரும்பலகை, ஒரு விளக்கு. ஓரளவு எழுத்து தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் உதவிக்கு இருப்பார். பாடம் பெட்டியிலிருந்து வரும். 1961-ல் அரசும் ஆயர்களும் ஒப்பந்தம் செய்து, இதை அடிப்படைக் கல்வி இயக்கம் என்று பெரிதாக்கினார்கள்.

பாவ்லோ ஃபிரெய்ரே என்ற ஆசிரியரின் பெயரை நம் தொண்டர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சியை நடத்தினார். கூலி, செங்கல், நிலம் என்று மக்களின் வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது அவர் வழி. 1978-ல் நம் நாட்டில் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியபோது, எழுத்தோடு விழிப்புணர்வும் வேண்டும் என்றார்களே, அதில் இவருடைய கருத்தின் சாயல் உண்டு.

1964 பிப்ரவரியில் ரியோ நகரில் போலீசார் ஒரு பாடப் புத்தகத்தைப் பறிமுதல் செய்தார்கள். அடிப்படைக் கல்வி இயக்கம் தயாரித்த புத்தகம் அது. வாழ்வது என்றால் போராடுவது என்று அதற்குப் பெயர். ஏப்ரலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃபிரெய்ரே சுமார் 70 நாள் சிறையில் இருந்தார். பிறகு நாட்டைவிட்டுப் போனார். குடியிருக்க நாடு திரும்பியது 1980-ல்தான். இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆயர்கள் பலர் முதலில் ராணுவ ஆட்சியை வரவேற்றார்கள். அவர்கள் மனம் மாறச் சில ஆண்டுகள் ஆயின.

சங்கங்கள் அடக்கப்பட்டன. கூட்டம் கூடினால் சந்தேகம். அப்போது மக்கள் எங்கே கூடிப் பேசுவது?

வேதம் வாசிக்கக் கூடலாம் அல்லவா? 1962 முதல் 1965 வரை ரோமில் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் நடந்தது. பூசையை மக்கள் மொழியில் செய்யலாம் என்றது. வேதப் புத்தகம் எல்லா விசுவாசிகளுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்றது. பிரேசிலில் வீட்டுக்கு வீடு வேத வட்டங்கள் தோன்றின. கார்லோஸ் மெஸ்டர்ஸ் என்ற கார்மேல் சபைத் துறவி இதற்கென்றே எளிய சிறு நூல்கள் எழுதினார். பிறப்பால் டச்சுக்காரர், 1949-லேயே பிரேசிலுக்கு வந்தவர். 1979-ல் இந்த வேலைக்காகவே ஒரு விவிலிய மையம் தொடங்கியபோது, அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

வட்டம் எப்படி நடக்கும்? ஒரு வீட்டில் மாலை நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்காருவார்கள். புத்தகத்தை உடனே திறக்க மாட்டார்கள். முதலில் அந்த வாரத்துப் பாடு. யாருக்குக் கூலி வரவில்லை, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த வேலியை யார் நகர்த்தினார்கள். பிறகுதான் வாசிப்பு. வாசிக்கத் தெரிந்த ஒருவர் மெதுவாக வாசிப்பார். அது பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையாக இருக்கும். இன்னொரு முறை வாசிப்பார்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதை ஒருவர் தம் வார்த்தையில் சொல்ல வேண்டும். விட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். இந்த இடத்தில் எழுத்து தெரியாத கிழவியும் வாத்தியாரும் சமம். கிழவிக்கு ஞாபகம் அதிகம் என்பதால் பல நாள் அவரே முந்திக்கொள்வார்! பிறகு கேள்வி: இது நம் ஊரில் எங்கே நடக்கிறது? கடைசியில் செபம். நாளைக்கு என்ன செய்வது என்ற பேச்சு.

ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். நெகேமியா நூல், ஐந்தாம் அதிகாரம். யூத மக்கள் நாடு திரும்பி எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது பஞ்சம். தானியம் வாங்க வயலை அடகு வைக்கிறார்கள். அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள். கடைசியில் பிள்ளைகளையே அடிமையாகக் கொடுக்க வேண்டிய நிலை. கடன் கொடுத்தவர்களும் சொந்த இனத்தார்தான். மக்கள் கூக்குரலிடுகிறார்கள். ஆளுநர் நெகேமியா பெரிய கூட்டம் கூட்டி, வயலையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்.

தனியாக வாசித்தால் நெகேமியா நல்லவர் என்று தோன்றும், பக்கத்தைத் திருப்பிவிடுவோம். கூடி வாசித்தால் யாராவது ஒருவர் இன்னொன்றைப் பிடிப்பார். தானும் தன் சகோதரர்களும்கூடக் கடன் கொடுத்திருப்பதாக நெகேமியாவே அந்தக் கூட்டத்தில் சொல்கிறார்! முதலில் கூக்குரலிட்டது யார்? மக்கள். பெண்களும் சேர்ந்து என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அவர்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஆளுநர் கூட்டம் கூட்டியிருப்பாரா? இப்படி ஒரு கேள்வி விழுந்துவிட்டால், வட்டத்தில் இருக்கும் குத்தகை உழவர் அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். பிரேசிலில் நிலத் தகராறில் உழவர்களுக்குத் துணையாகக் கத்தோலிக்கர்கள் 1975-ல் ஒரு குழுவை அமைத்தார்கள். அந்தப் போராட்டங்களில் நின்றவர்களில் பலர் இத்தகைய வட்டங்களிலிருந்து வந்தவர்கள்.

சாவ் பாவ்லோ நகரத்துத் தாய்மார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தொழில் நகரம். அதன் தென் ஓரத்துக் குடியிருப்புகளில் பங்குக் கோயில்களை ஒட்டி அன்னையர் மன்றங்கள் இருந்தன. தையல், வாசிப்பு, பேச்சு எல்லாம் நடக்கும். அரிசி, பயறு விலை ஏறிக்கொண்டே போனது. 1973-ல் அந்தத் தாய்மார்கள் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கடிதம் எழுதியவர்கள் அதோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். 1978-ல் 13 லட்சம் கையெழுத்து சேர்ந்தது! அதுவும் ராணுவ ஆட்சியில். ஆகஸ்டு மாதம் நகரின் பேராலயத்துக்கு முன்னே கூடி அதை அறிவித்தார்கள். அரசு அதை ஏற்கவில்லை. கையெழுத்துகள் போலி என்று சொல்லப்பட்டது. விலையும் இறங்கவில்லை.

தோற்றார்கள் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த குடும்பங்களில், பெயர் எழுதப் பழகிய கை முதல்முறையாக எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள்.

எல்லா வட்டமும் இப்படி நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். சில இடங்களில் தலைவரே பேசிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சில இடங்களில் எதை வாசித்தாலும் முடிவு முன்கூட்டியே தயாராக இருக்கும். எல்லாம் கட்சிப் பேச்சாகவே முடியும். அப்படி ஆன பிறகு, ஆறுதல் தேடி வந்தவருக்கு அங்கே என்ன கிடைக்கும்? பல லட்சம் ஏழைகள் கத்தோலிக்கத்தை விட்டுப் பெந்தெகோஸ்து சபைகளுக்குப் போனதும் உண்மை. 2022 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 100-க்குச் சுமார் 57 ஆகிவிட்டார்கள். இதற்குக் காரணம் பல. ஆயினும், தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்த தலைவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இதைச் சொல்ல எனக்கு வாய் கூசத்தான் செய்கிறது. நானும் அப்படி நடந்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் வேறு ஒரு மையத்தில் கதை வாசிக்கும் வகுப்பு எடுத்தேன். வாசிப்பதற்கு முன்பே கதையின் கருத்து இது என்று கால்மணி நேரம் பேசிவிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கேட்டார்: "எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா நாங்க எதுக்குப்பா வாசிக்கணும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழில் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வெளிவந்தது. திருவிவிலியம் என்று பெயர். எளிய நடை. நம் மையத்து நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. குறள், குர்ஆன் மொழிபெயர்ப்பு, பாரதக் கதை எல்லாமும் அதே அலமாரியில் இருக்கின்றன. விருப்பம் உள்ளவர்கள் எடுத்துப் போகலாம். ஆனால் இன்று நாம் வாசிக்கப்போவது வேறு.

அந்த அம்மாவின் நகைக் கடன் ரசீது. அவர் சம்மதம் சொன்னார். பெயரையும் கடைப் பெயரையும் மறைத்து எட்டுப் பிரதி எடுத்து வந்திருக்கிறேன். முன்பக்கத்தை அவர் வாசித்துவிட்டார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதினோரு வரிகள் இருக்கின்றன. வட்டி எத்தனை, எப்போது ஏலம் என்பதெல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு தாளாக வைத்துக்கொண்டு வட்டமாக உட்காருங்கள். கண் தெரியாதவர்கள் காதால் கேளுங்கள். யாராவது ஒருவர் மெதுவாக வாசியுங்கள். இரண்டாம் முறை வேறொருவர். நான் இந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.