மூழ்கின நெல் வளரவே கூடாது

ஐப்பசி, கார்த்திகையில டெல்டாவுக்கு போன் போட்டா, முதல்ல கேட்க வேண்டிய கேள்வி "மழை எப்படி?" இல்லை, "தண்ணி வடிஞ்சுதா?" என்பதுதான். தஞ்சாவூர் பக்கம் பெய்யறது திருவாரூர், நாகப்பட்டினம் கடைமடையில போய் நிக்கும். நட்டு ஒரு மாசமான சம்பா பயிர் பத்து நாள் தலை தெரியாம மூழ்கிக் கிடக்கும்.

நெல்லு தண்ணியில வளர்றதுதானே, மூழ்கினா என்னன்னு தோணும். காலு நனையறது வேற, தலை முழுகறது வேற. செடிக்குள்ள எத்திலீன்னு ஒரு வாயு உருவாகுது. காத்துல அது பறந்துடும். தண்ணிக்குள்ள வெளியேற வழியில்லாம உள்ளேயே சேரும். அது ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடும். உடனே பயிர் மேலே வந்து மூச்சு விடணும்னு விறுவிறுன்னு நீளும், சேமிச்ச மாவுச்சத்தையெல்லாம் செலவழிச்சுடும். தண்ணி வடியும்போது நிக்கத் தெம்பில்லாம சாய்ஞ்சு அழுகிடும். தப்பிக்க எடுத்த முயற்சிதான் அதைக் கொல்லுது.

(ஜிப்பரெல்லின் தெரிய வந்ததே ஒரு நெல் நோயாலதான். நாத்து ஒல்லியா, உயரமா வளர்ந்து செத்துப்போகும். ஜப்பான்காரங்க அதுக்கு வச்ச பேரு 'முட்டாள் நாத்து'. ஒரு பூஞ்சை சுரக்கிற பொருள்தான் காரணம்னு 1926-ல குரோசாவா காட்டினார்.)

ஒடிசாவோட எஃப்.ஆர். 13ஏ ரகம் ரெண்டு வாரம் மூழ்கினாலும் பிழைச்சது. ஏன்னு 2006-ல தெரிஞ்சது: சப்1ஏ என்ற ஜீன். எத்திலீன் சேர்ந்ததும் அது விழிச்சுக்கும். ஜிப்பரெல்லினுக்கு பிரேக் போடற புரதங்களைக் கூட்டும். ஹார்மோன் கத்தும், செடி காதுல வாங்காது. சத்தை மிச்சம் பிடிச்சு சும்மா கிடக்கும். தண்ணி வடிஞ்சதும் திரும்பத் துளிர்க்கும்.

1966-ல வந்த ஐ.ஆர். 8 குட்டையா இருந்ததுக்கும் ஜிப்பரெல்லின்தான் காரணம், ஆனா கதை வேற. அதுல ஹார்மோன் தயாரிக்கிற ஒரு ஜீனே பழுது. வெளியிலிருந்து ஜிப்பரெல்லின் தெளிச்சா உயரமா வளரும். அங்க கத்தற குரலே கம்மி. இங்க குரல் இருக்கு, காதுதான் மூடியிருக்கு. உரம் போட்டாலும் சாயாத குட்டைப் பயிர் விளைச்சலைக் கூட்டுச்சு, உண்மைதான். ஆனா குட்டைப் பயிர் சீக்கிரம் மூழ்கும் என்பதை யாரும் பெருசா பேசறதில்லை.

டெல்டாவுல பழகின சி.ஆர். 1009 ரகத்துக்குள்ள சப்1-ஐக் கொண்டு வந்து 'சி.ஆர். 1009 சப் 1' உருவாக்கினாங்க. ஒட்டுக் கட்டி, திரும்பத் திரும்பத் தாய் ரகத்தோட சேர்த்து, டி.என்.ஏ. அடையாளம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. மரபணு மாற்றப் பயிர் இல்லை. தண்ணி வராத வருஷம் பழைய 1009 மாதிரியே விளையும். விவசாயிக்கு அதுதான் முக்கியம்.

ஆனா நான் இதை மந்திரம்னு சொல்ல மாட்டேன். கடைமடையில நிறைய பேரு நேரடி விதைப்பு. விதைச்ச மறுநாளே தண்ணி நின்னா முளைப்புக்கு சப்1 உதவாது. பூக்கிற நேரத்துல மூழ்கினாலும் காப்பாத்தாது. அரை ஆள் உயரத் தண்ணி ஒரு மாசம் தேங்கினாலும் கஷ்டம்தான். இந்த ஜீன் வாங்கித் தர்றது ரெண்டு வாரம். அதுக்குள்ள வடிகால் வாய்க்கால் தண்ணியை இழுத்துட்டுப் போயாகணும், அதைத் தூர் வாரி வச்சிருந்தாத்தான் இழுக்கும்.