ஈரக் கையும் மின்சாரமும்

(கோடை விடுமுறை மக்தப் வகுப்புகளின் நிறைவு விழாவில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் மாணவ, மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இமாம் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். ஐவேளையும் நான் காணும் ஒரு காட்சியே என்னைப் பேசவைக்கிறது. ஒளுச் செய்துவிட்டு, முழங்கையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, வெறுங்காலுடன் ஈரத் தரையில் நின்றவாறே மின்விசிறியின் சுவிட்சைப் போடுகிறீர்கள். “போடாதே” என்று மட்டும் சொன்னால் மறந்துவிடுவீர்கள். ஆகவே கணக்கோடு சொல்கிறேன்.

நமது பள்ளியின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருப்பதால் நீருக்கு ஓர் அழுத்தம் உண்டாகிறது. மின்சாரத்தில் அதற்கு மின்னழுத்தம் என்று பெயர், அளவு வோல்ட். குழாயில் ஓடும் நீரைப் போன்றது மின்னோட்டம், அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் நீர் குறைவாக வருமல்லவா? அதைப் போன்றது மின்தடை, அளவு ஓம். இம்மூன்றையும் இணைக்கும் விதியை 1827ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரது நாட்டிலேயே முதலில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1841இல்தான் இலண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் வழங்கிப் பெருமைப்படுத்தியது. விதி மிக எளியது. அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும்.

இப்போது ஈரக் கைக்கு வருவோம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். உலர்ந்த தோலின் தடை ஏறத்தாழ ஒரு இலட்சம் ஓம் வரை இருக்கும். 230ஐ ஒரு இலட்சத்தால் வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர். சுரீரென்று உணர்வோம், அவ்வளவுதான். நனைந்த தோலின் தடையோ ஆயிரம் ஓம் அளவிற்கு இறங்கிவிடும். வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைத்து நிறுத்த இதில் பாதியே போதும். கை அதே கை, சுவிட்ச் அதே சுவிட்ச். நடுவில் வந்தது நீர் மட்டுமே.

கம்பியில் அமரும் காகம் மட்டும் ஏன் சாவதில்லை என்று ஒரு சிறுவன் சென்ற வாரம் என்னிடம் கேட்டான். மின்சாரம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிச் செல்ல வழி வேண்டும். அந்த முழு வட்டத்தையே மின்சுற்று என்கிறோம். காகத்தின் இரு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் அதன் உடல் வழியே செல்ல வேண்டிய தேவை ஏற்படுவதில்லை. நாமோ தரையில் நிற்கிறோம். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால், பூமியும் திரும்பிச் செல்லும் வழியாகிவிடுகிறது.

மின்சுற்றில் இரு வகை உண்டு. பெருநாள் இரவில் மினாராவில் தொங்கவிடும் பழைய சீரியல் செட்டைப் பார்த்திருப்பீர்கள். 6 வோல்ட் பல்புகள் 38ஐ ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 230 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று பழுதானாலும் வட்டம் அறுந்து எல்லாம் அணைந்துவிடும். இது தொடரிணைப்பு. ஹவுளுக்கு அருகிலுள்ள ஒளுக் குழாய்களோ அப்படியல்ல. ஒன்றை மூடினாலும் மற்றவற்றில் நீர் வரும். வீட்டு வயரிங் இந்த வகை. இது பக்க இணைப்பு. எல்லாக் குழாய்களையும் ஒருசேரத் திறந்தால் நீரின் வேகம் குறைகிறதல்லவா? கோடை இரவில் தெரு முழுவதும் ஏ.சி. ஓடும்போது விளக்கு மங்குவதும் ஏறக்குறைய அதுவேதான்.

அடுத்து பீஸ் கட்டை. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்தால் பீஸ் கம்பி உருகிச் சுற்றைத் துண்டிக்க வேண்டும். அடிக்கடி போகிறதே என்று சிலர் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகின்றனர். அதன்பின் உருகுவது சுவருக்குள்ளிருக்கும் வயர்தான்! இன்னொன்றையும் கவனியுங்கள். 5 ஆம்பியர் பீஸ் என்பது 5000 மில்லி ஆம்பியர். நம்மைக் கொல்ல 230 போதுமென்று கண்டோம். ஆக, பீஸ் வயரைக் காக்குமே தவிர மனிதனைக் காக்காது.

மனிதனைக் காப்பவை வேறு இரண்டு. ஒன்று எர்த். மூன்று முள் பிளக்கில் தடித்து நீண்டிருப்பது அதுவே. செருகும்போது முதலில் சேரவும் உருவும்போது கடைசியில் பிரியவும் அந்த நீளம். மோட்டாரின் உடலில் மின்சாரம் கசிந்தால், நம்மைவிடத் தடை மிகக் குறைந்த எர்த் வழியே பேரளவில் பாய்ந்து பீஸ் போய்விடும். மூன்றாம் முள்ளை ஒடித்துவிட்டு இரு துளை பிளக்கில் செருகுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். மற்றொன்று ஈ.எல்.சி.பி. போகும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் பொருத்துவது, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். பூமி பூஜ்ஜிய வட்டியில் கிடைக்கும் காப்பீடு என்பேன். மாடிக்குக் கிரானைட் பதிப்போர் இதற்குச் செலவிடத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

நம் பகுதிக்கென்று இரண்டு செய்திகள். அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் இரயில் பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாயும். நின்றுகொண்டிருக்கும் சரக்கு வண்டியின் மேல் படமெடுக்க ஏறும் இளைஞர்கள் கருகிப்போவது இதனால்தான். மற்றது மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் முன்னெச்சரிக்கையாக மின்சாரம் நிறுத்தப்பட்டது. அன்று பலர் சலித்துக்கொண்டனர். தெருவில் தேங்கிய நீருக்குள் ஓர் அறுந்த கம்பி கிடந்தால் என்னவாகும் என்பதை, ஈரக் கைக் கணக்கைக் கொண்டு நீங்களே சொல்லிவிடலாம்.

அஸருக்குப் பின் நமது ஜமாஅத்தைச் சேர்ந்த வயர்மேன் சகோதரர் ஒருவர் பள்ளியின் மின்பலகையைத் திறந்து, ஈ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டுவார். விருப்பமுள்ளோர் செருப்பணிந்து, கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.