வலிக்காம வந்த அட்டாக்



நான் செஞ்சியிலேர்ந்து வர்றேன். தேசிங்கு ராஜா ஊருங்க. 2025-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த கோட்டை எங்க கோட்டை. (கைதட்டல்)

நோய்க்குக் காரணம் நாக்குதான்னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசினார். எங்க அப்பா பஜ்ஜியைக்கூடத் தொடமாட்டாருங்க! அவரைக் கவுத்தது அலட்சியம்.

வருஷா வருஷம் சித்திரையில ராஜகிரி ஏறி கமலக்கண்ணி அம்மனைக் கும்பிடுவார். "மலை ஏறுறவனுக்கு என்னடா பிரஷர்?" இதுதான் அவர் வசனம். 2021-ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு. அந்த அக்கா பிரஷர் பார்க்க வாசல்ல வந்து நின்னா, இவர் கொல்லைப்புறமா நழுவிடுவார். (சிரிப்பு)

ஒரு சித்திரையில பாதிப் படியிலேயே உட்கார்ந்துட்டார். நெஞ்சு வலி இல்லை. மூச்சு வாங்குது, வேர்வை கொட்டுது. காலெல்லாம் வீக்கம். ராத்திரி படுத்தா மூச்சு முட்டி எழுந்து உட்கார்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பிரஷர் 190/110, சர்க்கரை 310. எக்கோ பார்த்த டாக்டர், "பெரியவரே, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு"ன்னார். எப்போன்னு எங்க யாருக்கும் தெரியலை. அவருக்கே தெரியலை!

டாக்டர் விளக்கினார். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்குது. பிரஷர் கூடினா, ஒவ்வொரு துடிப்பும் தண்ணிக் குடத்தை மலை மேல தூக்கிட்டுப் போற மாதிரி. தூக்கித் தூக்கி இதயத்தோட இடது அறைச் சுவர் தடிச்சுப் போகுது. பயில்வான் தோள் மாதிரி நல்லதுதானேன்னு நினைச்சேன். இல்லைங்க. தடிச்ச சதை விறைச்சுப்போய், விரிஞ்சு ரத்தத்தை வாங்க மாட்டேங்குது. ரத்தம் நுரையீரல்ல தேங்குது. அதுதான் ராத்திரி மூச்சு முட்டல். அப்படியே விட்டா சதை தளர்ந்தே போயிடும்.

சர்க்கரை என்ன பண்ணுது? ரத்தக் குழாயில அடைப்பைக் கூட்டுது. அதோட, வலியைச் சொல்ற நரம்பையும் அரிச்சுடுது. காவக்காரனைத் தீர்த்துட்டுக் கோட்டைக்குள்ள நுழையற எதிரி! செஞ்சிக்காரனுக்கு இதைவிட எப்படிங்க புரிய வைக்கிறது?

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி சாகுறப்ப பிரஷர் 300/190. அவருக்கு நாக்கு காரணமோ என்னமோ, எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் காலத்துல சரியான மாத்திரையே இல்லை. எங்க அப்பாவுக்கு மாத்திரை இலவசமா வாசலுக்கே வந்துச்சே அய்யா! (கைதட்டல்)

தாய்மார்களுக்கு ஒண்ணு. சர்க்கரை இருந்தா இதயம் செயலிழக்கிற ஆபத்து ஆண்களுக்கு 2 மடங்கு, பெண்களுக்கு 5 மடங்குன்னு அமெரிக்காவுல ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1974-லேயே சொல்லிடுச்சு. அதைக் கேட்டதும் அன்னிக்கே அம்மாவையும் உட்கார வச்சுப் பார்த்தோம். "எனக்கென்னடா, நல்லாத்தானே இருக்கேன்"னாங்க. 240.

அப்பா இப்ப மாத்திரை தவறாம போடுறார். வீக்கம் வடிஞ்சிருக்கு. மலை ஏற மட்டும் டாக்டர் விடலை. போன சித்திரையில நாங்க ஏறினோம். அவர் கீழே வெங்கட்ரமணர் கோயில் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு, "அம்மன்கிட்ட என் பேரையும் சொல்லிட்டு வாடா"ன்னார்.

மணி அடிச்சிட்டீங்க.