மனதுக்கும் வருத்தம் வரும்



கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு மார்கஸ் ட்ரெஸ்கோதிக்கைத் தெரிந்திருக்கும். இங்கிலாந்துக்காக 76 டெஸ்ட் ஆடி, 14 சதம் அடித்தவர். 2006இல் இந்தியாவுக்கு ஆட வந்தவர், மனம் தாங்காமல் பாதியிலே வீடு திரும்பினார். ஏதோ கிருமி தொற்றியதென்று முதலில் மறைத்தார். 2008இல் தனக்கு மனச்சோர்வு நோய் என்று புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகு இங்கிலாந்துக்காக ஆடவில்லை. ஆனாலும் சமர்செட் அணிக்கு 2019 வரை ஆடினார்.

நாம என்ன செய்கிறோம்? பெரட்டுக்கு வராதவரைச் சோம்பேறி என்கிறோம், பேய் பிடித்தது என்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேலே தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதுவும் வருத்தம்தான். மறைக்காதீங்க. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. 1926க்குப் போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க.