கருவியும் பெயரும்



அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தில் வழங்கிய பழைய சுழல் துப்பாக்கிகளைத் தேடித் திரட்டுவோர் உலகின் பல நாடுகளிலும் உளர். நாம் ரிவால்வர் என்கிறோமே, அதுதான். துப்பாக்கிக்கு இலக்கிய அவையில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். அக்கருவியின் மதிப்பு அதன் இரும்பைவிட, அதைப் பற்றிய சொல்லிலேயே மிகுதியும் இருக்கிறது என்பதால்தான் இங்கே பேசத் துணிந்தேன்.

சாமுவேல் கோல்ட் 1836இல் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனம் 1873இல் வெளியிட்ட புகழ்பெற்ற வகை, 1940க்குள் மூன்றரை இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று 2021 ஆகஸ்டில் அறுபது இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவில் ஷெரீப் பாட் காரெட், பில்லி த கிட் என்ற இளைஞனைச் சுட்டது அதனால்தான். பின்னர் அது ஒரு மதுக்கடைக்காரர் வசம் இருந்தது. காரெட்டின் மனைவி வழக்காடி மீட்டார். எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போயிற்று என்பது தெரிந்திருந்ததால்தான் அவ்விலை.

ஆகவே, திரட்டுவோர் முதலில் பார்ப்பது வரிசை எண். கோல்ட் நிறுவனம் தன் பழைய பதிவேடுகளைப் பார்த்து, அத்துப்பாக்கி எந்நாளில் எவருக்கு அனுப்பப்பட்டது என்று சான்றுமடல் தருகிறது.

ஆனால், அந்த எல்லைப்புறம் எவருக்கு எல்லை? கொமாஞ்சி முதலிய தொல்குடிகளுக்கு அது தாய்மண் அன்றோ? 1844இல் டெக்சாஸ் காவற்படையினர் கோல்ட் துப்பாக்கியால் கொமாஞ்சியரை எதிர்த்தனர். சுட்டவரின் பெயரைத் தேட ஏடு உண்டு. வீழ்ந்தவருக்கு அத்தகைய ஏடு ஏது?

இவ்வினா நம்மையும் தொடும். கான்சாபுரம் என்னும் பெயர் கான்சாகிபை நினைவூட்டுகிறது. அவர் 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைக் கைப்பற்றினார். 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தாமே தூக்கிலிடப்பட்டார். அவர் பெயர் ஏட்டிலும் இருக்கிறது, ஊரிலும் இருக்கிறது. இருபுறமும் நின்று வேலும் வாளும் ஏந்திய எளியோர் பெயர்கள் எங்கே?

வளரி எறியத் தமக்குக் கற்பித்தவர் சின்னமருது என்று கர்னல் வெல்ஷ் எழுதிவைத்தார். சின்னமருது 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் பாளையத்தார் படைக்கலம் வைத்திருப்பதைக் கும்பினி அரசு தடைசெய்தது. எஞ்சிய வளரிகளுக்கு வரிசை எண்ணும் இல்லை, சான்றுமடலும் இல்லை. சில அருங்காட்சியகத்திலும், சில குலதெய்வக் கோயில்களிலும் இருக்கின்றன.

படைக்கலத்தைப் பற்றி நம் ஔவை அன்றே பாடியுள்ளார். தொண்டைமானின் கருவிகள் மாலை சூடி மாளிகையில் இருந்தன. அதியமானின் கருவிகளோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. கருவியின் பெருமையை அதன் பொலிவில் காணாமல், ஏந்தியவன் செயலில் கண்டார் ஔவை. அப்பாட்டே அதியமான் வேலுக்குச் சான்றுமடல்.

கவிஞர் பெருமக்களே, தங்கள் ஊர்க் கோயிலில் சார்த்தியிருக்கும் வேலும் அரிவாளும் எவருடையவை என்று முதியோரிடம் கேளுங்கள். வடித்த கொல்லர் யார், ஏந்தியவர் யார், எவரை எதிர்த்து என்றெல்லாம் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். சொல்வோர் முதுமையில் இருக்கிறார்கள். இப்பணி தாமதிக்கத் தகாது.